மாலையைக் கழற்றப் போகும் சாமிமார்களுக்கு



மகரவிளக்கு முடிந்து, குமுளி வழியாகவும் செங்கோட்டை வழியாகவும் வேன்கள் ஊர் திரும்பும் சமயத்தில் இந்த மடல் உங்கள் கைக்கு வந்தால் நல்லது. எல்லாச் சாமிகளுக்கும் எழுதியதல்ல இது. மாலை போடுவதற்கு முன்பு தினமுமோ வாரத்தில் சில நாட்களோ குடித்துக்கொண்டிருந்தவர்கள், மாலை போட்ட நாளிலிருந்து ஒரு சொட்டும் தொடாமல் மலைக்குப் போய்வந்தவர்கள், இப்போது வீட்டுப் பூசையறையிலோ பிள்ளையார் கோயிலிலோ மாலையைக் கழற்றப் போகிறவர்கள், அவர்களுக்கு மட்டும். விரதத்தோடு குடி போய்விடவேண்டும் என்று உங்களில் எத்தனை பேர் மனதுக்குள் நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. அப்படி நினைக்கிற ஒருவர் இருந்தாலும் அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

"மாலையைக் கழற்றின கையோட கடைக்குப் போயிருவான்" என்று ஊரில் ஒரு கேலி உண்டு. கேலி செய்கிறவர்கள் கடைசி நாளை மட்டும் பார்க்கிறார்கள். அதற்கு முந்தைய 41 நாட்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வேலை முடிந்தவுடன் கட்டிங்குக்கு ஆள் சேர்த்தவர், அந்த நேரத்தில் குளித்துவிட்டுச் சரணம் சொல்லிக்கொண்டிருந்தார். சனிக்கிழமைக் கூலி முழுசாக வீட்டுக்கு வந்தது. சாதாரண ரக குவார்ட்டர் ஒன்று 140 ரூபாய் என்று வைத்து, நாளுக்கு ஒன்று என்று போட்டாலே 41 நாளில் 5,740 ரூபாய். பாருக்குள் தின்றது, கூட வந்தவனுக்கு வாங்கிக் கொடுத்தது எல்லாம் இதில் சேராது. மருத்துவமனையில் படுக்கவைத்து நிறுத்தப் பார்த்தும் நிறுத்த முடியாத ஆட்கள் மாலை போட்டு நிறுத்துகிறார்கள். தமிழ்நாட்டில் ஒவ்வொரு ஆண்டும் ஒரே நாளில் இத்தனை பேர் சேர்ந்து குடியை நிறுத்துவது கார்த்திகை ஒன்றாம் தேதி ஒன்றில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அது கேலிக்குரிய விஷயம் அல்ல. எப்படி முடிந்தது என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம்.

உங்களைக் கேட்டால் மனவுறுதி என்பீர்கள், அல்லது ஐயப்பன் என்பீர்கள். இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நாட்களில் உங்களைச் சுற்றி என்னென்ன மாறியிருந்தது என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். உடை மாறியது. கறுப்பு வேட்டியோடும் கழுத்து மாலையோடும் டாஸ்மாக் வாசலில் நிற்க உங்களால் முடியாது, நின்றால் கடைக்காரரே முகம் சுளிப்பார். பெயர் மாறியது. நேற்றுவரை "டேய் மாப்ள" என்று கூப்பிட்டவன் "சாமி" என்கிறான். எழும் நேரம் மாறியது. விடியலுக்கு முன் பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டியவன் இரவு 10 மணிவரை பாரில் உட்கார முடியாது. சாயங்காலம் மாறியது. கடை திறந்திருக்கிற அதே நேரத்தில் உங்களுக்குப் பூசையும் பஜனையும் இருந்தது. கூட்டாளிகள் மாறினார்கள். "அவர் மாலை போட்டிருக்கார், கூப்பிடாதே" என்று உங்களுக்கு முன்னால் மற்றவர்களே மறுப்புச் சொல்லிவிட்டார்கள். தினமும் பத்துத் தடவை "வேண்டாம்" என்று சொல்லவேண்டிய சிரமமே உங்களுக்கு இல்லாமல் போனது. வீட்டில் ஒருவர் உங்களுக்கு முன்பே எழுந்து, தனிப் பாத்திரத்தில் சமைத்து, இந்த ஏற்பாடு முழுவதையும் தாங்கினார். அந்த அம்மாவுக்கு இருமுடியில் பங்கு உண்டோ இல்லையோ, விரதத்தில் பெரும்பங்கு உண்டு.

நான் சொல்ல வருவது இதுதான். 41 நாளும் உங்களைக் குடியிலிருந்து விலக்கி வைத்தது உங்கள் உறுதி மட்டும் அல்ல, உறுதியைத் தாங்கிய ஏற்பாடும் சேர்ந்துதான். மாலையைக் கழற்றுகிற அன்று அந்த ஏற்பாடு முழுவதும் ஒரே நொடியில் கலைகிறது. உடை, பெயர், எழும் நேரம், சாயங்காலக் கூட்டம், ஊரார் தரும் மரியாதை, எல்லாம் ஒன்றாகப் போகின்றன. உறுதி மட்டும் தனியாக நிற்கிறது. கான்கிரீட் போட்ட மறுநாளே எந்தக் கொத்தனாரும் சென்ட்ரிங்கைப் பிரிப்பதில்லை. நாம் இங்கே அதைத்தான் செய்கிறோம். பிறகு கூரை விழுந்தால் சிமெண்டைக் குறை சொல்கிறோம்.

இது வெறும் ஊகம் இல்லை. அமெரிக்காவில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் பூட்டன் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் எலிகளை வைத்து இதைச் சோதித்திருக்கிறார். ஒரு கூண்டில் எலிக்கு ஒரு பழக்கத்தை ஏற்றுவார்கள். வேறு தோற்றமும் வேறு வாசனையும் உள்ள இன்னொரு கூண்டில் வைத்து அந்தப் பழக்கத்தை மங்கச் செய்வார்கள். பழக்கம் போயே போய்விட்டது என்றுதான் தோன்றும். எலியை முதல் கூண்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தால் பழக்கம் மறுபடி தலைகாட்டும். பழையது அழியவில்லை, புதியது அதன்மேல் படிந்தது, படிந்த புதியது தான் படிந்த இடத்தை விட்டு எளிதில் வெளியே வருவதில்லை என்பது அவர் கண்டது. மனிதர்களிடம் நடந்த ஒரு சோதனையும் இதே பக்கம் கைகாட்டுகிறது. டேவிட் நீல், வெண்டி வுட் முதலானோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், சினிமா பார்க்க வந்தவர்களில் பாதிப் பேருக்குப் புதுப் பாப்கார்னும் மீதிப் பேருக்கு ஒரு வாரப் பழையதும் கொடுத்தார்கள். தியேட்டரில் பாப்கார்ன் தின்று பழகியவர்கள், நமுத்துப் போனதையும் புதியதற்குச் சமமாகத் தின்றார்கள். அது பிடிக்கவில்லை என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தும் கை போய்க்கொண்டே இருந்தது. அதே ஆட்களை ஒத்தவர்களை ஒரு கூட்ட அறையில் உட்காரவைத்துக் கொடுத்தபோது பழையதைக் குறைவாகவே தின்றார்கள். நாக்கு கேட்டுத் தின்றதல்ல, இருட்டும் திரையும் நாற்காலியும் சேர்ந்து தின்னவைத்தது.

இன்னும் பெரிய சான்று வியட்நாம் போரிலிருந்து கிடைக்கிறது. அங்கே போன அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். இவர்கள் ஊர் திரும்பினால் என்ன ஆகும் என்று அரசாங்கம் நடுங்கியது. 1971 செப்டம்பரில் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தேடிப்போய் விசாரித்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில் முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் 100-க்கு 5 பேர்தான். மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தாலும் 12 பேர். ஹெராயின் என்றால் மீட்சியே இல்லை என்று நம்பியிருந்த உலகத்துக்கு இது அதிர்ச்சி. போர்க்களமும் சலிப்பும் மலிவாகக் கிடைத்த சரக்கும் கூட இருந்த பட்டாளமும் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டன. திரும்பி வந்த ஊரில் அம்மா இருந்தார், வேலை இருந்தது, ஹெராயினை ஞாபகப்படுத்த எதுவும் இல்லை. இதற்கு வேறு காரணங்களும் சொல்கிறார்கள், விலை, சட்டம், பயம் என்று. இருக்கட்டும். உங்கள் நிலைமை அந்தச் சிப்பாய்களுக்கு நேர் எதிரானது என்பதைக் கவனியுங்கள். அவர்கள் பழக்கம் பிறந்த இடத்தை விட்டு விலகி ஊருக்கு வந்தார்கள். நீங்கள் குடியிலிருந்து விலகியிருந்த மலையையும் 41 நாள் விரதத்தையும் விட்டு, பழக்கம் பிறந்த அதே தெருவுக்குத் திரும்புகிறீர்கள். அவர்களுக்கு ஊர் திரும்பியது சிகிச்சையாக அமைந்தது, உங்களுக்கோ அதுதான் சோதனை.

உங்களில் சிலர் இங்கே குறுக்கிடுவீர்கள். "எலி, பாப்கார்ன் என்று எதையோ சொல்லி ஐயன் கொடுத்த சக்தியைச் சிறுமைப்படுத்துகிறாயா?" இல்லை. பக்தியை அளக்க என்னிடம் கருவி இல்லை, அளக்கும் ஆசையும் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். சக்தி மட்டும் போதும் என்றால், இந்த விரதத்தை வகுத்த பெரியவர்கள் ஏன் இத்தனை சின்னச் சின்ன விதிகளை வைத்தார்கள்? செருப்புப் போடாதே, பாயில் படு, இரண்டு வேளை குளி, சவரம் செய்யாதே, குருசாமி சொல்லைத் தட்டாதே என்று ஏன் நாள் முழுவதையும் கட்டினார்கள்? மனிதனின் உறுதி தனியாக நிற்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நான் பூட்டனிடமிருந்து படித்ததை அவர்கள் நடைமுறையிலிருந்து படித்திருந்தார்கள். ரம்ஜான் நோன்பில் பகல் முழுக்க பீடியைத் தொடாத பாயும், தவக்காலத்தில் குடியை விடுகிற கிறிஸ்தவரும், மேல்மருவத்தூருக்குச் சிவப்பு உடுத்திப் போகும் பக்தரும் இதே ஏற்பாட்டின் வேறு வேறு வடிவத்துக்குள்தான் இருக்கிறார்கள். எல்லோருக்கும் நோன்பு முடிந்த மறுநாள் ஒரே மாதிரிதான் விடிகிறது.

அடுத்த மறுப்பு இதைவிடப் பலமானது. "நான்தான் நிரூபித்துவிட்டேனே, நினைத்தால் நிறுத்துவேன், ஆகவே எனக்கு அது நோய் இல்லை." இந்த வாதத்தில்தான் ஆண்டுக்கு ஒருமுறை மாலை போடுகிற பலர் 18 தடவை மலை ஏறியும் குடியை விடாமல் இருக்கிறார்கள். நீங்கள் நிரூபித்தது உண்மை, ஆனால் பாதிதான். மாலை இருந்தால் நிறுத்த முடியும் என்று நிரூபித்திருக்கிறீர்கள். மாலை இல்லாமல் நிறுத்த முடியுமா என்பது இன்னும் தேர்வே எழுதப்படாத பாடம். 41 நாளில் பழக்கம் மாறிவிடும் என்பாரும் உண்டு, 21 நாள் போதும் என்று மேடையில் பேசுவாரும் உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலியின் குழு 96 பேரை வைத்துப் பார்த்ததில், ஒரு புதுச் செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுவாந்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளில் வந்தது, சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு காட்டியது. அதுவும் மதியம் ஒரு பழம் தின்பது, தண்ணீர் குடிப்பது போன்ற எளிய காரியங்களுக்கு. குடியை விடுவதை அந்தக் கணக்கில் அடைக்க முடியாது. அதைவிட முக்கியம், உங்களுக்கு இந்த 41 நாளில் ஒரு பழக்கம் படிந்தது நிஜம்தான் என்றாலும், அது மாலையைத் தொட்டுப் படிந்த பழக்கம். கழுத்தில் மணி உரசும்போதெல்லாம் "வேண்டாம்" என்று மனம் சொல்லப் பழகியது. மணி போனபின் அது எதைப் பிடித்துக்கொள்ளும்? பழைய பழக்கத்தைத் தூண்டுகிற சனிக்கிழமையும் சம்பளமும் உடல்வலியும் அதே முக்குக் கடையும் அப்படியே இருக்கின்றன.

"விரதம் என்றால் முடியத்தானே வேண்டும், எல்லோரும் சந்நியாசியாக முடியுமா?" என்றும் கேட்பீர்கள். சந்நியாசியாக வேண்டாம். கறி சாப்பிடுங்கள், சவரம் செய்யுங்கள், மெத்தையில் படுங்கள், செருப்பைப் போடுங்கள். விரதத்தில் விட்டதில் ஒன்றே ஒன்றை மட்டும் திரும்ப எடுக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன். அந்த ஒன்றை விட்டு நிற்பதற்கு, விரத ஏற்பாட்டிலிருந்து இரண்டு மூன்றை மட்டும் கழற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். எந்த இரண்டு மூன்று? விடியற்காலைக் குளியல் எனக்கு முதலில் தோன்றுகிறது, அது முந்தைய இரவைக் காவல் காக்கும். சாயங்காலம் 6-லிருந்து 9 வரை போக ஓர் இடம் இருப்பது இரண்டாவது. கூலியை வீட்டில் கொடுத்துவிட்டு வெளியே வருவது மூன்றாவது. உங்களுக்கு வேறு இருக்கலாம். வேலைக்குப் போகும் வழியில் கடை இருந்தால் வழியை மாற்றுவது மற்ற எல்லாவற்றையும்விட மேலாக இருக்கலாம்.

நாட்காட்டி உங்களுக்குச் செய்யும் துரோகத்தையும் சொல்லவேண்டும். மகரவிளக்கும் தைப்பொங்கலும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. மாலையைக் கழற்றி வீட்டுக்குள் நுழைந்தால் மாட்டுப்பொங்கல், காணும்பொங்கல், மச்சான், பங்காளி, கையில் போனஸ். அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட்டும் அவர் குழுவினரும் குடி, சிகரெட் முதலியவற்றை விட்டு மீண்டும் விழுந்தவர்களை விசாரித்துப் பார்த்தபோது, ஏறக்குறைய நான்கில் மூன்று வீழ்ச்சிகள் மூன்றே சந்தர்ப்பங்களுக்குள் அடங்கின: மனம் சரியில்லாத நேரம், வீட்டிலோ வெளியிலோ சண்டை, கூட இருப்பவர்களின் வற்புறுத்தல். பொங்கல் வாரம் என்பது இந்த மூன்றும் ஒரே பந்தியில் உட்காரும் வாரம். திருவள்ளுவர் தினத்தில் கடை மூடியிருக்கும் என்று முதல் நாளே வாங்கிப் பதுக்குகிற கூட்டம் உங்கள் திண்ணையிலேயே இருக்கும். "மாலைதான் கழற்றியாச்சே, ஒண்ணே ஒண்ணு" என்று முதலில் நீட்டுகிறவன் எதிரியாக இருக்கமாட்டான், பெரும்பாலும் உங்கள் மேல் பிரியம் உள்ளவன்தான். அவனுக்கு என்ன பதில் என்பதை அந்த நிமிடத்தில் யோசிக்க உட்கார்ந்தால் தோற்றுவிடுவீர்கள். "இன்னார் நீட்டினால் இன்னது சொல்வேன், சொல்லிவிட்டு இன்ன இடத்துக்குப் போவேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்வது, வெறுமனே "குடிக்கமாட்டேன்" என்று நினைப்பதைவிடப் பலன் தருகிறது. பீட்டர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்ன முடிவு இது. மாலையைக் கழற்றாமல் பொங்கல் முடியும்வரை வைத்துக்கொள்ளலாமா என்று குருசாமியிடம் கேட்டுப் பாருங்கள். சம்பிரதாயம் அவருக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது.

விரதத்திலிருந்து கொண்டுவரக் கூடாத ஒன்றும் உண்டு. விரதம் என்பது முழுமை. ஒரு சொட்டு பட்டாலும் முறிந்தது. 41 நாளுக்கு அந்தக் கறார் உங்களைக் காப்பாற்றியது. அதே கணக்கை வாழ்நாளுக்கு நீட்டினால் அது உங்களைக் கவிழ்த்துவிடும். ஒரு நாள் தவறிவிட்டது என்று வையுங்கள். "போச்சு, முறிந்தது முறிந்துபோச்சு" என்று அன்றே முழுப் பாட்டிலுக்குப் போவதுதான் வழக்கமாக நடப்பது. மார்லட் இதைத்தான் மிகவும் எச்சரித்தார். முதல் வழுக்கலைவிட, வழுக்கியபின் தன்னைத்தானே சபித்துக்கொள்வதுதான் ஆளைப் பள்ளத்தில் தள்ளுகிறது. லாலியின் ஆய்விலும் நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது மொத்த முன்னேற்றத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. தவறினால் மறுநாள் காலைக் குளியலோடு கணக்கைத் திரும்பத் தொடங்குங்கள். அடுத்த கார்த்திகைக்குக் காத்திருக்க வேண்டாம்.

"தெருவுக்குத் தெரு கடையைத் திறந்து வைத்துவிட்டு எங்களுக்கு உபதேசமா?" இந்தக் கேள்விக்கு என்னிடம் மறுப்பு இல்லை. 2003-இல் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமான டாஸ்மாக் கையில் எடுத்த பிறகு அது அரசாங்கத்தின் நேரடி வருமானமாகிவிட்டது. 2023 ஜூனில் 500 கடைகளை மூடியபோதும் 4,829 கடைகள் மீதம் இருந்தன. இடமும் சூழலும்தான் பழக்கத்தை இயக்குகின்றன என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, அந்தச் சூழலை நடத்துகிறவரை விட்டுவிட்டால் நான் நேர்மையானவன் அல்ல. கடைகள் குறையவேண்டும், பள்ளிக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது, அதற்காகக் கேட்பதும் போராடுவதும் நியாயம். ஆனால் அந்தக் கடைகள் அத்தனையும் திறந்திருந்த அதே கார்த்திகை, மார்கழியில்தான் நீங்கள் குடிக்காமல் இருந்தீர்கள். தெருவை உங்களால் மாற்ற முடியவில்லை, உங்களைச் சுற்றி ஒரு சின்ன வட்டத்தை மாற்ற முடிந்தது. அந்த வட்டம் போதுமாக இருந்தது.

சிலருக்கு அந்த வட்டம் போதாது, அதை மறைக்கக் கூடாது. காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு வாய் போட்டால்தான் நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்கு வந்தவருக்கு இது உடல்நோய். அப்படிப்பட்டவர் குடியைத் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், நினைவு தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் மாலை போடுவதற்கு முன்பு மருத்துவரைப் பார்க்கவேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, 14446 என்ற கட்டணமில்லாத எண்ணில் கேட்டாலும் வழி சொல்வார்கள். வீட்டிலுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் குடியை நிறுத்தும் மாத்திரை கலந்து கொடுக்காதீர்கள். அதை அறியாமல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து விபரீதமாகலாம். மாலை கழற்றியவர்களுக்கும் ஒன்று. ஆறு வாரம் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. முன்பு இரண்டு குவார்ட்டர் போட்டு பைக் ஓட்டியவர் அதே தைரியத்தில் இப்போது ஓட்டினால் வீடு போய்ச் சேரமாட்டார்.

கடைசியாகக் குருசாமிமார்களுக்கு. மாலை போட்டு விடும்போது பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பேர் எழுதுகிறீர்கள், 41 நாளும் யார் பூசைக்கு வரவில்லை என்று கவனிக்கிறீர்கள், மலையில் கூட்டத்தில் ஒருவரும் தவறாமல் எண்ணிக் கூட்டிவருகிறீர்கள். மாலையைக் கழற்றியதும் அந்த நோட்டுப் புத்தகத்தை அடுத்த ஆண்டுவரை மூடிவைக்கிறீர்கள். மூடாதீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு, சம்பளம் கைக்கு வருகிற அந்த நேரத்துக்கு, ஒரு பஜனை போதும், சுண்டல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வராதவர் வீட்டுக்கு ஓர் ஆள் போகட்டும். கன்னிச்சாமியாக வந்த பையனை இன்னும் ஓர் ஆண்டு "சாமி" என்றே கூப்பிடுங்கள். மாலை கழற்றும் பூசையில் தேங்காய் உடைத்த கையோடு, வருகிற சனிக்கிழமைக் கூட்டம் யார் வீட்டில் என்பதையும் அறிவித்துவிடுங்கள்.